பிள்ளை வீடு மாறினால் பராமரிப்புத் தொகையும் மாறுமா?

“பையன் இப்போ என்கிட்டதான் இருக்கான். அப்புறம் எதுக்கு மாசாமாசம் அவங்க அக்கவுண்ட்ல பணம் போடணும்?”

“சனி, ஞாயிறு கூட்டிட்டுப் போறாரு. அதனால இனிமே பாதிப் பணம்தான் தருவேன்னு சொல்றாரு. இது சரியா?”

பிரிந்து வாழும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. முதலாவது அப்பாக்கள் கேட்பது, இரண்டாவது அம்மாக்கள் கேட்பது. சட்டம் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தருகிறது. பிள்ளை படுத்துத் தூங்கும் வீடு மாறியதால் மட்டும் நீதிமன்றம் நிர்ணயித்த தொகை மாறாது. அதை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. மனு போட்டு, காரணம் காட்டி, புதிய உத்தரவு வாங்கும் வரை பழைய தொகைதான் கணக்கில் நிற்கும்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இந்தச் சிக்கல் அதிகமாக எழுவதற்கு இங்குள்ள வேலை முறையே ஒரு காரணம். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர் துறைமுக வாசல் வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர் பல நாள் கடலில் இருப்பார். நீதிமன்றம் “ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை” என்று எழுதித் தரும் ஏற்பாடு இந்த வாழ்க்கையில் சில மாதங்கள்கூட அப்படியே ஓடுவதில்லை. அம்மாவும் அப்பாவும் போனில் பேசி நாளை மாற்றிக்கொள்வார்கள், நடுவில் ஆயா வீட்டில் ஒரு மாதம் விடுவார்கள். நாட்களை இப்படிப் பேசி மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. பணத்தையும் அதே மாதிரி வாய்ப்பேச்சில் மாற்றிக்கொள்ளும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

எப்படி என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அப்பா எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா ராயபுரத்தில் மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறார். மகனுக்கு 9 வயது. மகனுக்காக மாதம் ரூ.5,000 கொடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது. ஜூன் மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. “கொஞ்ச நாள் நீங்களே வச்சிக்கோங்க” என்கிறார். அப்பாவும் சந்தோஷமாக அழைத்துப் போகிறார், பணம் போடுவதையும் நிறுத்துகிறார். நியாயம்தானே என்று இருவரும் நினைக்கிறார்கள். ஏழு மாதம் கழித்து ஏதோ ஒரு மனக்கசப்பு வருகிறது. அம்மா நிறைவேற்ற மனு போடுகிறார். நீதிமன்ற ஆவணத்தில் இருப்பது மாதம் ரூ.5,000 என்ற உத்தரவு மட்டும்தான். ஏழு மாத பாக்கி ரூ.35,000. பிள்ளை அப்பாவிடம்தான் இருந்தான் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்பா அதை வாதத்தில் சொல்லலாம், சாட்சியும் கொண்டுவரலாம். ஆனால் அந்த வாதமே நோட்டீஸ், வாரண்ட் என்று வந்த பிறகுதான் தொடங்குகிறது.

இதே கதை மறுபக்கமாகவும் நடக்கும். உத்தரவுப்படி வார இறுதியில் மட்டும் அம்மாவிடம் வந்துகொண்டிருந்த மகள், நிரந்தரமாகவே அம்மாவிடம் வந்துவிடுகிறாள். உத்தரவில் அப்பா பணம் தர வேண்டும் என்று எதுவும் இல்லை, அப்போது பிள்ளை அவரிடம் இருந்ததால். அம்மா ஒரு வருடமாகத் தனியாகச் சமாளிக்கிறார். பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன் எல்லாமே கடனில் ஓடுகிறது. புதிதாக மனு போட்டால் தொகை பொதுவாக மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்காகும். மனு போடாமல் கடந்துபோன மாதங்களைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். தாமதம் ஆகும் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் தலையில் பாரமாக விழுகிறது. கடைசியில் அது பிள்ளையின் தட்டில்தான் தெரியும்.

சட்டத்தில் எங்கே இருக்கிறது?

மனைவி, பிள்ளை, பெற்றோருக்கான பராமரிப்புத் தொகை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது “125” என்ற எண். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு அது. 1.7.2024 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய 125 இப்போது 144. நம் கட்டுரைக்கு இதைவிட முக்கியமானது பழைய 127, அதாவது இப்போதைய 146. தொகை பெறுபவரின் சூழ்நிலையோ கொடுப்பவரின் சூழ்நிலையோ மாறியதாக நிரூபித்தால், தொகையை மாற்றி அமைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது பற்றி உரிமையியல் நீதிமன்றம் புதிதாக முடிவு சொல்லி, அதனால் பழைய பராமரிப்பு உத்தரவு பொருந்தாமல் போனால், அதை ரத்து செய்யவோ திருத்தவோ இதே பிரிவில் வழி இருக்கிறது.

144-ஆவது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொது. இது தவிர, இந்து திருமணச் சட்டம் 1955-இன் 26-ஆவது பிரிவு பிள்ளைகளின் வளர்ப்பு, பராமரிப்பு, கல்வி பற்றிய உத்தரவுகளை அவ்வப்போது மாற்ற அனுமதிக்கிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-இல் 25-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் பிள்ளைகளுக்கான தனி ஏற்பாடுகள் உள்ளன. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் 125-இன் கீழ் பராமரிப்பு பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே தெளிவாக்கிவிட்டது. பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் உத்தரவின் முதல் பக்கத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அச்சாகி இருக்கும். மாற்றம் கேட்டுப் போகும்போது அதைக் காட்டினால் போதும்.

வளர்ப்பு உரிமை உத்தரவு ஒருமுறை போட்டால் அவ்வளவுதான், கல்லில் வெட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பிள்ளைகளின் வளர்ப்பு பற்றிய உத்தரவுகள் இயல்பிலேயே இறுதியானவை அல்ல. பிள்ளை வளர வளர, சூழ்நிலை மாற மாற, அவற்றையும் மாற்றலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வளர்ப்பு உரிமை வழக்குகளில் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. எனவே உத்தரவை மாற்றக் கேட்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. கேட்காமல் தானாக மாற்றிக்கொள்வதுதான் வம்பு.

நாள் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றல்ல

இங்கிலாந்தில் இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கும் பெற்றோரிடம் பிள்ளை வருடத்தில் எத்தனை இரவு தங்குகிறது என்று எண்ணுவார்கள். 52 முதல் 103 இரவு என்றால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 முதல் 155 வரை ஏழில் இரண்டு, 156 முதல் 174 வரை ஏழில் மூன்று, 175-ஐத் தாண்டினால் ஏறக்குறைய பாதி. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது “எங்க ஊர்ல நாள் கணக்குதான்” என்று சொன்னால், அது அங்கே உண்மை. இங்கே அப்படி ஒரு அட்டவணை சட்டத்தில் இல்லை. பெற்றோர் இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டு வளர்ப்பு முறைக்கே நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. அதைக் கொண்டுவரலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்போது நீதிமன்றங்கள் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகப் பார்த்து, பிள்ளையின் நலன் எதில் இருக்கிறதோ அதன்படி ஏற்பாடு செய்கின்றன.

அட்டவணை இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். இது நீதிமன்றத்தின் சூத்திரம் அல்ல, விளங்கிக்கொள்வதற்காக நாமே போடும் கணக்கு.

ஒரு பிள்ளைக்கு மாதச் செலவு ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணமும் வேனும் 2,500. டியூஷன் 800. சாப்பாடு, பால் 3,000. துணி, மருந்து 1,200. வீட்டு வாடகையில் பிள்ளையின் பங்கு 2,500. அப்பா சம்பளம் 24,000, அம்மா சம்பளம் 12,000. வருமான விகிதப்படி பிரித்தால் அப்பாவின் பங்கு சுமார் 6,667, அம்மாவின் பங்கு 3,333.

இப்போது பிள்ளை மாதத்தில் 8 நாள் அப்பாவிடம் போகிறது. நாள் கணக்குப்படி அப்பா தன் பங்கில் 8/30-ஐக் கழித்தால், அதாவது ஏறக்குறைய 1,780 ரூபாயைக் குறைத்துக்கொண்டால், அது சரியா? அந்த 8 நாளில் அம்மாவுக்கு உண்மையில் எது குறைந்தது? வாடகை குறையவில்லை. வீட்டுக்காரர் “பாப்பா இல்லாத நாளைக் கழிச்சுக்கோங்க” என்று சொல்லப்போவதில்லை. பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன் எதுவும் குறையவில்லை. குறைந்தது சாப்பாட்டுச் செலவு மட்டும். 3,000-இல் 8 நாள் என்றால் 800 ரூபாய். அப்பா குறைத்த தொகைக்கும் அம்மாவுக்கு உண்மையில் மிச்சமான தொகைக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் இடைவெளி விழுகிறது. டியூஷன் பணத்தைவிட அது அதிகம்.

மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்றால் கதை வேறு. இரண்டு வீட்டிலும் படிக்க இடம் வேண்டும், துணி வேண்டும், சில சமயம் பள்ளிக்கு இரண்டு வழியில் போக்குவரத்து வேண்டும். மொத்தச் செலவே கூடிவிடும். அப்போது அப்பா நேரடியாகச் செய்யும் செலவு கணிசமாக உயர்வதால், தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் வருமானம் அதிகமாக இருந்தால், பாதிப் பாதி நாள் என்பதாலேயே தொகை பூஜ்யம் ஆகிவிடாது. நாள் சமமாக இருக்கலாம், வருமானம் சமமாக இல்லையே.

விகிதப்படி பிரிப்பது நாமாகக் கண்டுபிடித்தது இல்லை. பத்மஜா சர்மா எதிர் ரத்தன் லால் சர்மா வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரும் சம்பாதிக்கும் நிலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் ரூ.3,000 என்று நிர்ணயித்து, அதை அப்பா இரண்டு பங்கு, அம்மா ஒரு பங்கு என ஏற்கச் சொன்னது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 4.11.2020 அன்று வந்த தீர்ப்பும், தாய் போதிய அளவு சம்பாதித்தால் கல்விச் செலவை இருவரும் வருமானத்துக்கு ஏற்பப் பகிரலாம் என்கிறது. பிள்ளைக்கான செலவில் சாப்பாடு, துணி, வீடு, மருத்துவம், படிப்பு ஆகியவற்றோடு கூடுதல் பயிற்சி வகுப்புகளும் சேரும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. டியூஷன் ஆடம்பரம் என்று வாதாடுபவர்களுக்கு இந்த வரி பயன்படும்.

பிள்ளை முழுவதுமாக அப்பாவிடம் வந்துவிட்டால்? உத்தரவை எடுத்துப் படியுங்கள். மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்கான பகுதியை ரத்து செய்யக் கேட்கலாம். மனைவிக்கான பகுதி பிள்ளை வீடு மாறியதால் போகாது, அது வேறு கணக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டிருந்தால், எவ்வளவு குறைய வேண்டும் என்பதை நீதிமன்றம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை அப்பா, அம்மா இருவருக்கும் இருக்கிறது. எனவே நன்றாகச் சம்பாதிக்கும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கான பங்கை அப்பா கேட்கவும் வழி உண்டு. பிள்ளை ஆயா வீட்டில் வளர்ந்தால் இருவரின் கடமையும் அப்படியே தொடரும். “அம்மா வீட்லதானே இருக்கு, என்ன செலவு?” என்ற பேச்சுக்கு சட்டத்தில் இடமில்லை.

பிள்ளையைக் காட்டவில்லை என்றால் பணத்தை நிறுத்தலாமா?

கூடாது. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், கோபமும் இங்கேதான் அதிகம். பார்க்கும் உரிமை வேறு, பராமரிப்புத் தொகை வேறு. பிள்ளையைக் காட்டாத தாய்மீது அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். உத்தரவை மீறியதற்கு நடவடிக்கை கேட்கலாம், நாட்களை மாற்றக் கேட்கலாம், வளர்ப்பு உரிமையையே மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். பணத்தை நிறுத்தினால் பாதிக்கப்படுவது பிள்ளை. பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் அதே மாதிரி தவறு. பிரிந்த பெற்றோர் இருவரின் அன்பும் பிள்ளைக்குத் தேவை, நேரில் வர முடியாதவர் வீடியோ அழைப்பிலாவது பேச வழிசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் சொன்னது. கப்பலில் வேலை செய்யும் அப்பாக்களும் வளைகுடாவுக்குப் போனவர்களும் இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

தொகையைக் கொடுக்காமல் விட்டால் வசூலிக்க வாரண்ட் வரும். அதன் பிறகும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. “உள்ள போயிட்டு வந்தா கணக்கு முடிஞ்சுது” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முடியாது. சிறைக்குப் போனதால் பாக்கி தீராது என்று 1988-இல் குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகை பெறுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை செலுத்த வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ரொம்பக் காலம் பொறுத்துப் போனால் பழைய மாதங்கள் அந்த வழியில் கை நழுவிவிடும்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் என்ன காட்டுவது?

நிரந்தர ஊழியருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. அவருக்கு எதிரான பராமரிப்புத் தீர்ப்பை நிறைவேற்றும்போது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சட்டம் பாதுகாக்கிறது, மீதியைப் பற்றுகை செய்யலாம். ஆனால் வடசென்னையில் பாதிப் பேருடைய வருமானம் சீட்டில் இருப்பதில்லை. படகில் பங்குக்குப் போகிறவர், டிரிப் கணக்கில் டிரெய்லர் ஓட்டுபவர், ஒப்பந்ததாரர் வழியாக அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவர், மீன் விற்கும் அம்மா. இவர்கள் எல்லோருக்கும் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும்.

ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். பதில் தருபவருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பொய் சொன்னால் அதற்குத் தனி வழக்கு வரலாம்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நேரத்தில் “வருமானமே இல்லை” என்று மனு போட்டால், நீதிமன்றம் அடுத்த கேள்வியாக மற்ற பத்து மாதத்தைப் பற்றிக் கேட்கும். எனவே முழு ஆண்டு வருமானத்தையும் எழுதி 12-ஆல் வகுத்துக் காட்டுவது நல்லது. தடைக்கால மாதங்களில் குறைவாகவும் மற்ற மாதங்களில் சற்று அதிகமாகவும் கட்ட அனுமதி கேட்கலாம். வாங்குபவரும் ஒப்புக்கொண்டால் இது நடக்கக்கூடியதே. வேலை போனவர்களும் ஆள்குறைப்பில் வெளியேறியவர்களும் அதற்கான கடிதத்தோடு உடனே மனு போட வேண்டும். அதே சமயம், உடலில் திடம் உள்ளவர் வேலை இல்லை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. உடலுழைப்பு செய்தாவது மனைவி, பிள்ளையைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மறுமணமும் சூழ்நிலை மாற்றமாகக் கணக்கில் வரும். 2017-இல் கல்யாண் டே சவுத்ரி வழக்கில் கணவர் மறுமணம் செய்து புதுக் குடும்பம் இருந்ததைக் கருத்தில் கொண்டு, உயர் நீதிமன்றம் ரூ.23,000 ஆக உயர்த்திய தொகையை உச்ச நீதிமன்றம் ரூ.20,000 ஆக்கியது. குறைந்தது, நின்றுபோகவில்லை. பிள்ளைக்கு 18 வயது ஆனால் 144-இன் கீழ் பொதுவாகத் தொகை நின்றுவிடும், உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் தொடரும். திருமணம் ஆகாத, சொந்த வருமானம் இல்லாத இந்து மகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 18-க்குப் பிறகும் கேட்கலாம். கல்லூரியில் படிக்கும் மகளின் தொகையை நிறுத்தும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இருவரும் ஒத்துப்போனால்

அதுதான் சுலபமான வழி. ஆனால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்தால் போதாது. அந்தப் பத்திரம் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்யாது. நீங்கள் ஒப்புக்கொண்டதை உத்தரவு போட்ட நீதிமன்றத்தில் கூட்டு மனுவாகத் தாக்கல் செய்து, அதையே புதிய உத்தரவாகப் பதிவு செய்யக் கேளுங்கள். எந்தெந்த நாள் யாரிடம், விடுமுறையில் எப்படி, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, ஷிப்ட் மாறினால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதுவரை எழுதலாம். தொகை எந்தத் தேதியிலிருந்து மாறுகிறது என்பதை மறக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல்தான் பாதி வழக்குகள் திரும்ப வருகின்றன. “பிள்ளைக்கு இனிமேல் எதுவுமே கேட்க மாட்டேன்” என்று எழுதிக் கொடுப்பதும் நிலைக்காது. தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

பேசித் தீர்க்க ஆள் வேண்டும் என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் தமிழ்நாடு சமரச மையம் இயங்குகிறது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முன்னோடி அது. உங்கள் வழக்கை அங்கே அனுப்பச் சொல்லி நீதிபதியிடமே கேட்கலாம்.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பகுதி அப்பாக்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். தேசிய சட்ட உதவி எண் 15100. வீட்டில் வன்முறை இருந்தால் பெண்கள் உதவி எண் 181, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

மனு போடப் போகும்போது பழைய உத்தரவின் சான்றிட்ட நகல், ஆதார், வருமான ஆவணங்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் இருக்கட்டும். பிள்ளை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்ட, பள்ளியில் யார் பெயரும் போன் எண்ணும் பாதுகாவலராக இருக்கிறது என்பதற்கான சான்று, கட்டண ரசீது, வேன் ரசீது, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் உதவும். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் யாரிடம் இருக்கிறது என்பதும் ஒரு அடையாளம்தான், அதுவே முடிவான சாட்சி ஆகாது. ஒரு கார்டில் நீக்கிய பிறகுதான் இன்னொரு கார்டில் சேர்க்க முடியும் என்பதால், பிள்ளை நிரந்தரமாக வீடு மாறினால் அந்த வேலையையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுப்பவர்கள் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ அனுப்பி, குறிப்பில் “பிள்ளை பராமரிப்பு” என்று மாதத்தையும் எழுதுங்கள். பள்ளிக் கட்டணத்தை நேரடியாகக் கட்டினால் அதைப் பராமரிப்புத் தொகையில் கழிக்கலாமா என்பதையும் உத்தரவில் கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் கழித்துக்கொண்டால் அதுவும் பாக்கியாகத்தான் தெரியும்.

எந்த நீதிமன்றம் என்பதில் திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திருவொற்றியூர் வட்டம் 2018-இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. உங்கள் உத்தரவு அதற்கு முந்தையது என்றால், எந்த நீதிமன்றம் போட்டது என்று பார்த்து அங்கேயே விசாரியுங்கள். சென்னைக் குடும்பநல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. விம்கோ நகரிலோ திருவொற்றியூர் தேரடியிலோ மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர்கள் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் தருவார்கள். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த விசாரணைத் தேதி போனிலேயே தெரிந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்து வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், தேதி தள்ளிப்போன நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வீணாக வர வேண்டியிருக்காது.